பாதியில் நிற்கும் மருந்துச்சீட்டு: ஆஸ்திரேலிய அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களும் பணிக் குறுக்கீடுகளும் – ஒரு நிகழ்வு ஆய்வு

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் ஒரு வேலையைத் தொடங்கி, இடையில் வேறெதற்கும் திரும்பாமல் அதை முடித்து, அதன்பின் அடுத்ததைத் தொடுவது அரிது. ஒரு நோயாளியின் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செவிலியர் வேறொருவரின் இ.சி.ஜி. தாளை நீட்டுவார். மருந்து எழுத உட்காரும்போது ஸ்கேன் பிரிவிலிருந்து தொலைபேசி வரும். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள், தான் பார்த்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டு ஒரு பயிற்சி மருத்துவர் பக்கத்தில் நிற்பார். இதைப் பணியின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டே பல தலைமுறை மருத்துவர்கள் வேலை செய்துவந்திருக்கிறார்கள். அந்த இயல்பு எவ்வளவு விலை கேட்கிறது என்பதைக் கடிகாரமும் குறிப்பேடுமாக அருகில் நின்று அளக்கும் முயற்சி 2000ஆம் ஆண்டையொட்டித்தான் வலுப்பெற்றது.

அம்முயற்சிகளுள், ஆஸ்திரேலியாவில் ஜொஹானா வெஸ்ட்புரூக் தலைமையிலான குழு 2010இலும் 2018இலும் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளையே இங்கு நிகழ்வாக எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, குறுக்கிடப்பட்ட வேலைக்கு என்ன ஆகிறது என்று கேட்டது. இரண்டாவது, குறுக்கிடப்பட்ட மருத்துவர் எழுதும் மருந்தில் பிழை கூடுகிறதா என்று கேட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, குறுக்கீடுகளை மொத்தமாக எண்ணி மொத்தமாகக் குறைக்க முயல்வது பயன் தராது என்பதும், பிழைக்கு இடம் தரும் சில குறிப்பிட்ட கணங்களைத் தேடிப் பிடித்துக் காப்பதே வழி என்பதும் எனக்குத் தெளிவாகின்றன. அந்தக் காவலை மருத்துவரின் தனிப்பட்ட மனக்கட்டுப்பாட்டிடம் விட்டுவிடக் கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

களம்

ஆஸ்திரேலிய அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் வாசலிலேயே ஐந்து நிலைகளுள் ஒன்றில் வகைப்படுத்தப்படுகிறார். முதல் நிலையில் இருப்பவரை உடனடியாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் நிலைக்கு 10 நிமிடம், மூன்றாம் நிலைக்கு 30, நான்காம் நிலைக்கு 60, ஐந்தாம் நிலைக்கு 120 நிமிடம் என்று காத்திருப்பின் எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து, அதை வாசிக்கத் தெரிந்த மருத்துவர் ஒருவர் பார்த்தாக வேண்டும். இந்த விதிகளெல்லாம் நோயாளியின் உயிரைக் காப்பதற்காக வந்தவை. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 10 நிமிடத்துக்குள் ஒரு தாளை மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும் என்று விதித்தால், அவர் அந்த நேரத்தில் செய்துகொண்டிருக்கும் எந்த வேலையும் நடுவில் நிறுத்தப்படலாம் என்றும் சேர்த்தே விதித்ததாகிறது. குறுக்கீட்டை யாரோ ஒருவரின் பொறுமையின்மையாக மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பெரும்பாலான குறுக்கீடுகளுக்குப் பின்னால் நியாயமான ஒரு தேவையும், அந்தத் தேவையை வற்புறுத்தும் ஒரு விதியும் இருக்கின்றன.

இந்தப் பணியின் அளவு எத்தகையது என்பதை முதலில் எண்களில் சொன்னவர்களுள் அமெரிக்காவின் கேரி சிஷோமும் அவருடைய உடனாய்வாளர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். 2000இல் வெளியான அவர்களது ஆய்வில், மூன்று அவசர சிகிச்சைப் பிரிவுகளின் மருத்துவர்கள் ஒவ்வொருவரும் 180 நிமிடம் கண்காணிக்கப்பட்டார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் சராசரியாக 30.9 குறுக்கீடுகள் பதிவாயின. அதோடு, கவனத்தை 10 விநாடிக்கு மேல் இழுத்துக்கொண்டு வேலையையே மாற்றவைத்த முறிவுகளும் சராசரியாக 20.7 முறை நேர்ந்தன. அடுத்த ஆண்டில் அதே குழு அவசர சிகிச்சை மருத்துவர்களையும் வெளிநோயாளிகளைப் பார்க்கும் குடும்ப மருத்துவர்களையும் ஒப்பிட்டது. முன்னவர்கள் மணிக்கு 9.7 முறை குறுக்கிடப்பட்டார்கள், பின்னவர்கள் 3.9 முறை. இதைவிடவும் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறோர் எண். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நோயாளிகளை ஒரே சமயத்தில் பொறுப்பில் வைத்திருந்த நேரம் அவசர சிகிச்சை மருத்துவருக்கு மணிக்கு 37.5 நிமிடம், குடும்ப மருத்துவருக்கோ 0.9 நிமிடம். மனத்தில் பலரைச் சுமந்துகொண்டிருப்பவரைத்தான் நாம் அடிக்கடி தோளைத் தட்டிக் கூப்பிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் என்ரிக்கோ கொய்ரா குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் இரண்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் மருத்துவர்களும் செவிலியர்களுமாகப் 12 பேரின் பேச்சுப் பரிமாற்றங்களைப் பதிவு செய்தது. 35 மணி நேரத்தில் 1,286 பரிமாற்றங்கள். அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று குறுக்கீடு. ஆளுக்கு மணிக்கு 11 முறைக்குச் சற்று மேல். பேசிய நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றுக்கு மேற்பட்ட உரையாடல்கள் ஒரே சமயத்தில் நடந்த நேரம்.

நாட்டுக்கு நாடு, மருத்துவமனைக்கு மருத்துவமனை எண்கள் மாறினாலும், எதைக் குறுக்கீடு என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே அவை பெரிதும் மாறுகின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். சிஷோம் மூன்று மணி நேரத்துக்குக் கண்ட 30.9ஐயும், அடுத்து வரும் வெஸ்ட்புரூக் ஆய்வு ஒரு மணி நேரத்துக்குக் கண்ட 6.6ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அமெரிக்காவைவிட ஆஸ்திரேலியா அமைதியானது என்று முடிவுகட்டுவது தவறாகும்.

2010: திரும்பி வராத வேலைகள்

சிட்னியில் 400 படுக்கைகள் கொண்ட ஒரு போதனா மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் 40 மருத்துவர்களை 210 மணி நேரத்துக்கும் மேலாக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். கையடக்கக் கருவியில் ‘வாம்பேட்’ என்னும் பதிவுமுறையை வைத்துக்கொண்டு, மருத்துவர் ஒரு வேலையைத் தொடங்கும் நேரம், விடும் நேரம், யாருடன், எந்தச் சாதனத்துடன், எதனால் நின்றது, மீண்டும் எப்போது தொடர்ந்தது ஆகியவற்றையெல்லாம் விநாடிக் கணக்கில் குறித்தார்கள். பணி முடிந்த பிறகு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பாதியில் விட்டுவிட்டு மறந்துபோன வேலையைப் பற்றி மறந்தவரிடமே கேட்டால் பதில் கிடைக்காது அல்லவா? அதனால்தான் அருகில் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

மருத்துவர்கள் மணிக்கு 6.6 முறை குறுக்கிடப்பட்டார்கள். செய்த வேலைகளில் 11 விழுக்காடு நடுவில் நிறுத்தப்பட்டன, 3.3 விழுக்காடு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிறுத்தப்பட்டன. பணி நேரத்தில் 12.8 விழுக்காடு, ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைச் செய்வதில் கழிந்தது. இவற்றைவிடக் கனமான எண் ஒன்று உண்டு: குறுக்கிடப்பட்ட வேலைகளுள் 18.5 விழுக்காட்டுக்கு மருத்துவர்கள் திரும்பவே இல்லை. இப்படி விடப்பட்டவை எல்லாமே ஆபத்தானவை என்று சொல்ல முடியாது. சிலவற்றை வேறொருவர் முடித்திருக்கலாம். சில தேவையற்றுப் போயிருக்கலாம். ஆயினும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அப்படியே நின்றுவிடும் ஒரு பணியிடத்தில், எது விடப்பட்டது, ஏன் விடப்பட்டது என்று திரும்பிப் பார்ப்பதற்கான ஏற்பாடு எதுவும் இல்லை என்பதே எனக்குக் கவலை தருகிறது.

இந்த ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு எதிர்பாராதது. அதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தப்பட்ட வேலைக்கு, விட்ட இடத்தைத் தேடுவதற்கும் சேர்த்து, கூடுதல் நேரம் ஆகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். சேகரித்த நேரங்களை அப்படியே ஒப்பிட்டாலும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. நெடுந்தூரம் போகும் பேருந்து வழியில் மழையைச் சந்திக்கும் வாய்ப்பு, பக்கத்து ஊருக்குப் போகும் பேருந்தைவிட அதிகம். அதை வைத்து மழைதான் பயணத்தை நீட்டியது என்று கூறிவிட முடியாது. அதுபோலவே, இயல்பாகவே நீளமான வேலைகளுக்குத்தான் குறுக்கீட்டில் மாட்டும் வாய்ப்பு அதிகம். இந்தச் சாய்வைக் கணக்கில் கழித்துவிட்டு மறுபடியும் பார்த்தபோது, குறுக்கிடப்பட்ட வேலைகளில் மருத்துவர்கள் உண்மையில் குறைவான நேரமே செலவிட்டிருந்தார்கள் என்று தெரியவந்தது.

இதற்கு ஆய்வாளர்கள் கூறும் விளக்கம், இழந்த நேரத்தை ஈடுகட்ட மருத்துவர்கள் வேலையைச் சுருக்கிக்கொள்கிறார்கள் என்பது. எனக்கு இது மிகவும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பணிமுறையின் (ஷிப்ட்) நீளம் மாறாது. காத்திருப்போரின் வரிசை குறையாது. ஆகவே எங்கிருந்தாவது நேரத்தை எடுத்தாக வேண்டும். நோயாளியிடம் கேட்க நினைத்த கடைசிக் கேள்வி, மருந்துக் குறிப்பை மறுமுறை வாசிப்பது, பழைய கேஸ் ஷீட்டின் இன்னொரு பக்கத்தைப் புரட்டுவது ஆகியவைதாம் எளிதில் வெட்டக் கூடியவை. அவற்றை வெட்டியதற்கு எந்தத் தடயமும் மிஞ்சாது. நிர்வாகத்தின் பார்வையில் அந்த மருத்துவர் வேகமாகவும் திறமையாகவும் வேலை செய்தவராகவே தெரிவார். காத்திருப்பு நேரத்தை மட்டும் அளக்கும் எந்த மருத்துவமனையும் குறுக்கீட்டின் சேதத்தைத் தன் கணக்கேட்டில் காண முடியாது என்பதை இந்த ஒரு முடிவே காட்டிவிடுகிறது.

ஒரு மருந்துச்சீட்டு எப்படித் தவறுகிறது

எண்கள் சொல்வதை ஒரு மேசையருகே நின்று பார்ப்பது நல்லது. கீழே வருவது எந்தத் தனிப்பட்ட நோயாளிக்கும் நேர்ந்ததன்று; இத்தகைய பிரிவுகளில் அன்றாடம் நிகழும் வேலைகளைக் கோத்து நான் அமைத்த விளக்கம்.

எழுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவருக்குக் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறது. எடை 60 கிலோ. இரத்தம் உறைவதைத் தடுக்கும் எனோக்ஸாபரின் ஊசி போட வேண்டும். அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆனால் அவருடைய சிறுநீரகத் திறன் வெகுவாகக் குறைந்திருப்பதை இரத்தப் பரிசோதனை காட்டுகிறது. சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் நீக்க வீதம் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்கும் கீழே என்றால் அதே அளவை நாளுக்கு ஒரு முறைதான் கொடுக்க வேண்டும். மருத்துவர் முடிவைப் பார்க்கிறார், ‘நாளுக்கு ஒரு வேளை மட்டும்’ என்று மனத்தில் தீர்மானிக்கிறார், கணினியில் மருந்துப் பக்கத்தைத் திறக்கிறார். மருந்தின் பெயரையும் 60 மில்லிகிராம் என்ற அளவையும் இட்டுவிட்டார். அப்போது செவிலியர் நெஞ்சுவலி நோயாளியின் இ.சி.ஜி.யைக் காட்டுகிறார். அதை வாசித்துக் கையெழுத்திட அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரும்புவதற்குள் தொலைபேசி: இன்னொரு நோயாளியின் தலை ஸ்கேனுக்கு முன் சிறுநீரக அளவு வேண்டுமாம். அந்த நோயாளியின் அளவைத் தேடி, ‘பரவாயில்லை, எடுக்கலாம்’ என்று சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்புகிறார். மருந்தின் பெயரும் அளவும் சரியாக இருக்கின்றன. வேளை என்ற கட்டத்தில் வழக்கமான ‘நாளுக்கு இருமுறை’ நிற்கிறது. கையெழுத்திடுகிறார்.

அவருக்கு மருந்தியல் தெரியாமல் இல்லை. பரிசோதனை முடிவையும் பார்த்திருந்தார். தொலைந்து போனது, இனிமேல் செய்ய வேண்டியது என்று மனத்தில் மட்டும் இருந்த ஒரு சிறு தீர்மானம். திரையில் எழுதப்பட்ட பாதி அப்படியே காத்திருந்தது; எழுதப்படாத பாதியைக் காத்து வைக்க எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, நடுவில் வந்த தொலைபேசியும் வேறொருவரின் சிறுநீரகத்தைப் பற்றியே பேசியதால், ‘சிறுநீரகத்தைப் பார்த்தாயிற்று’ என்ற நிறைவு மனத்தில் தங்கிவிட்டது. ஒத்த செய்தியோடு வரும் குறுக்கீடு, தொடர்பே இல்லாத குறுக்கீட்டைவிட எளிதில் குழப்பும்.

எரிக் ஆல்ட்மனும் கிரெகரி டிராஃப்டனும் 2002இல் முன்வைத்த நினைவுக் கோட்பாடு இதை விளக்குகிறது. நாம் நிறுத்தி வைக்கும் நோக்கம் ஒவ்வொன்றும் நேரம் செல்லச் செல்ல மங்கும். வேலையைக் கைவிடும் அந்தச் சிறு இடைவெளியில் ஒரு குறிப்பைப் பதித்துக்கொண்டால், திரும்பும்போது அது மீண்டும் எழும். மிகச் சிறிய குறுக்கீடும் இதைக் கெடுக்கப் போதும் என்பதை ஆல்ட்மன் குழுவினரின் 2014ஆம் ஆண்டுச் சோதனை காட்டியது. வரிசைப்படி செய்ய வேண்டிய ஒரு வேலையில் சராசரி 2.8 விநாடி நீடித்த குறுக்கீடு வரிசைப் பிழைகளை இரு மடங்காக்கியது, 4.4 விநாடி நீடித்தது மும்மடங்காக்கியது. அது ஆய்வுக்கூடத்துக் கணினியில் நடந்த சோதனைதான். எனினும், ‘ஒரு நிமிடம்தானே’ என்று நாம் தயங்காமல் கேட்கும் அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை 4.4 விநாடிகள் அடங்கும் என்று எண்ணிப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

மருத்துவரின் சொந்தக் கைபேசியும் இதில் சேர்ந்துவிட்டது. அமெரிக்க அரசின் நோயாளி பாதுகாப்பு இணையதளம் 2011இல் வெளியிட்ட ஒரு நிகழ்வு, அவசர சிகிச்சைப் பிரிவில் அன்றி உள்நோயாளிப் பிரிவில் நடந்ததாயினும், இதற்கு மிகவும் பொருந்தும். 56 வயது நோயாளி ஒருவருக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தும்படி மூத்த மருத்துவர் கூறினார். இளநிலை மருத்துவர் தம் கைபேசியிலேயே அந்த ஆணையை இடத் தொடங்கினார். நடுவில் நண்பர் ஒருவரிடமிருந்து விருந்து பற்றிய குறுஞ்செய்தி வந்தது. பதில் அனுப்பினார், ஆணை முடிக்கப்படாமலே நின்றது. வார்ஃபரின் மூன்று நாள் தொடர்ந்து கொடுக்கப்பட்டு, இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் இரத்தம் தேங்கி, நோயாளிக்கு அவசரமாக இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அந்த இளநிலை மருத்துவரைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. பாதியில் நிற்கும் ஆணையைப் பற்றி எவருக்கும் எச்சரிக்கை தராத மென்பொருளையும், சொந்தச் செய்தியும் உயிர்காக்கும் ஆணையும் ஒரே திரையில் வரும்படி விட்ட ஏற்பாட்டையும் நான் முதலில் கேள்வி கேட்பேன்.

2018: பிழையை நேரடியாக அளந்தது

இத்தகைய தவறுகளை ஓரிரு நிகழ்வுகளாகச் சொல்வது வேறு. அவை எந்த அளவுக்குக் குறுக்கீட்டோடு சேர்ந்து வருகின்றன என்று அளப்பது வேறு. வெஸ்ட்புரூக் குழுவினர் பி.எம்.ஜே. குவாலிட்டி அண்ட் சேஃப்டி இதழில் 2018இல் வெளியிட்ட ஆய்வு அதைச் செய்தது. 36 அவசர சிகிச்சை மருத்துவர்களை 120 மணி நேரம் பின்தொடர்ந்தார்கள். அவர்களுள் 28 பேர் எழுதிய 239 மருந்து ஆணைகளைப் பிற்பாடு ஆராய்ந்ததில் 208 பிழைகள் இருந்தன. இந்த எண்ணைப் பார்த்து அதிர்ச்சி அடைவதற்கு முன், பிழை என்று எண்ணப்பட்டது எது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். மருந்தையோ அளவையோ வேளையையோ தவறாக எழுதுவதும் பிழை. எழுதும் முறைக்கான விதியை மீறுவதும் பிழை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஆளுக்கு ஆள் நஞ்சு கொடுத்ததுபோல் பேசுவது அந்த மருத்துவர்களுக்குச் செய்யும் அநீதி.

பொதுவாக மணிக்கு 7.9 முறை குறுக்கிடப்பட்ட இம்மருத்துவர்கள், மருந்து எழுதும்போது மட்டும் மணிக்கு 9.4 முறை குறுக்கிடப்பட்டார்கள். ஆய்வு முழுவதிலும் என் மனம் அதிகம் தங்கிய இடம் இதுதான். அமைதி மிகவும் தேவைப்படும் வேலையின்போது தொல்லையும் மிகுகிறது. இதற்கான காரணத்தை நான் இவ்வாறு ஊகிக்கிறேன்: திரைச்சீலைக்குப் பின்னால் நோயாளியோடு இருக்கும் மருத்துவரை அழைக்க எவரும் தயங்குவார்கள், கணினி முன் உட்கார்ந்திருப்பவரோ, பார்ப்பவர் கண்ணுக்கு, வேலை முடித்து ஓய்வாக இருப்பவர்போலத் தெரிகிறார். தட்டச்சு செய்யும் கை ஒரு தீர்மானத்தைச் செயலாக்கிக்கொண்டிருக்கிறது என்பது வெளியில் தெரிவதில்லை.

எழுதும்போது குறுக்கிடப்பட்டால் பிழை வீதம் 2.82 மடங்காகியது. ஒரே சமயத்தில் வேறொரு வேலையையும் செய்துகொண்டே எழுதினால் 1.86 மடங்காகியது. மனத்தில் செய்திகளை ஏந்திக்கொண்டே வேறொன்றைச் செய்யும் நினைவாற்றலையும் ஆய்வாளர்கள் தனியே சோதித்திருந்தார்கள். 75 புள்ளிகள் கொண்ட அந்தச் சோதனையில் ஒவ்வொரு 10 புள்ளி உயர்வுக்கும் பிழை 19 விழுக்காடு குறைந்தது. பல வேலைகளை ஒன்றாகச் செய்வதை விரும்புகிறவரா, ஒவ்வொன்றாகச் செய்வதை விரும்புகிறவரா என்பது பிழையில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. தமக்கு இதெல்லாம் பழகிவிட்டது, இரைச்சலில்தான் தமக்கு வேலை ஓடும் என்று நம்பும் மூத்த மருத்துவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். அந்த நாட்டம் ஒருவரைப் பிழையிலிருந்து காப்பதாக இந்த ஆய்வில் தெரியவில்லை.

தூக்கத்தைப் பற்றிய முடிவுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. சராசரிக்கும் குறைவாகத் தூங்கிவிட்டுப் பணிக்கு வந்தபோது, மருத்துவப் பிழைகளின், அதாவது மேலே சொன்ன முதல் வகைப் பிழைகளின், வீதம் 16.44 மடங்காக இருந்தது. இதில் எச்சரிக்கை தேவை. 95 விழுக்காடு நம்பக எல்லை 4.84 முதல் 55.81 வரை நீள்கிறது, மாதிரி சிறியது, உண்மையான மடங்கு எவ்வளவு என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் அந்த எல்லையின் கீழ்முனையே ஏறத்தாழ ஐந்து மடங்கு. குறுக்கீட்டைப் பற்றி ஆராயப் போன இடத்தில், குறுக்கீட்டைவிடப் பெரியதாக ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. தூக்கமில்லாத மருத்துவரின் மேசைக்கு அமைதியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதாது.

என்ன செய்யலாம், எது நடக்கவில்லை

குறுக்கீட்டைப் பற்றிய எந்தப் பேச்சிலும் விமானத் துறையின் விதி ஒன்று எடுத்துக்காட்டப்படும். 1974இல் அமெரிக்காவின் சார்லட் நகர் அருகே ஒரு பயணிகள் விமானம் தரையிறங்கும் முயற்சியில் விழுந்தது. இறங்கும் வேளையிலும் விமானிகள் பணிக்குத் தொடர்பில்லாத பேச்சில் ஈடுபட்டிருந்தது பதிவுகளில் தெரியவந்தது. 1981இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம், 10,000 அடிக்குக் கீழே பறக்கையில் பணிக்கு இன்றியமையாத பேச்சையும் செயலையும் தவிர மற்றெல்லாவற்றையும் தடை செய்தது. விதி நல்லது. ஆனால் அதை அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் அப்படியே கொண்டுவர இயலாது. விமானம் எப்போது இறங்கும் என்பது முன்கூட்டியே தெரியும். மாரடைப்போடு வருபவர் நேரம் குறித்துக்கொண்டு வருவதில்லை. ஒரு மருத்துவரின் மேசையைச் சுற்றிக் கோடு போட்டால், கோட்டுக்கு வெளியே ஒருவர் மூச்சுவிட முடியாமல் காத்திருக்க நேரலாம். நடுவில் வந்து, ‘டாக்டர், அவருக்குப் பெனிசிலின் ஒவ்வாமை இருக்கிறது’ என்று சொல்லும் செவிலியரும் குறுக்கீட்டுக் கணக்கில்தான் வருகிறார். அவரை வாய்மூடச் செய்யும் எந்த விதியும் நோயாளிக்குத் தீங்கே செய்யும்.

மருந்து கொடுக்கும் செவிலியர்களுக்கு ‘குறுக்கிடாதீர்கள்’ என்று எழுதிய மேலாடை அணிவிக்கும் முறையை இதே வெஸ்ட்புரூக் குழு சிட்னியில் சோதித்து 2017இல் வெளியிட்டது. மருந்துக்குத் தொடர்பில்லாத குறுக்கீடுகள், நூறு முறை மருந்து கொடுப்பதற்கு ஏறத்தாழ 50 என்றிருந்தது 34 ஆகக் குறைந்தன. எனினும் அந்த மேலாடை வெக்கையாகவும் வசதியற்றும் இருப்பதாகவும், அணிந்து கழற்றுவதிலேயே நேரம் போவதாகவும் செவிலியர்கள் கூறினார்கள். அதை மருத்துவமனையின் நிலையான விதியாக்குவதை ஆதரித்தவர்கள் 48 விழுக்காட்டினரே. வேலை செய்கிறவரின் உடம்பில் இன்னொரு சுமையை ஏற்றி அவரையே காவலாளியாக்கும் தீர்வுகளுக்கு இந்த வரவேற்புதான் கிடைக்கும்.

இதனால்தான் நான் சிறிய, குறிப்பிட்ட இடங்களை நாடுகிறேன். மருந்து எழுதும் கணினிகளை, எல்லோரும் கூடும் மத்திய மேசையிலிருந்து சில அடி தள்ளி, முகம் சுவரைப் பார்க்கும்படி வைக்கலாம். அவ்வாறு உட்கார்ந்திருப்பவரை உயிருக்கு ஆபத்தான விஷயத்துக்கு மட்டுமே அழைப்பது என்று பிரிவின் மூத்த செவிலியரும் மூத்த மருத்துவரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளலாம். எல்லா இ.சி.ஜி.க்களும் எல்லா மருத்துவர்களையும் தேடி அலைவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பணிமுறையிலும் அதற்கென ஒரு மூத்த மருத்துவரைப் பெயர் குறித்து வைக்கலாம். அவர் அந்த நேரத்தில் மருந்து எழுதும் பொறுப்பைக் குறைத்துக்கொள்வார். ஸ்கேன் பிரிவின் அவசரமற்ற கேள்விகள் தொலைபேசியில் வராமல் திரையில் வரிசையாகக் காத்திருக்கலாம். சிறுநீரகத் திறனையும் எடையையும் மருந்து ஆணையின் பக்கத்திலேயே காட்டும் மென்பொருள், மேலே சொன்ன பெண்மணியின் மருத்துவர் மனத்தில் மட்டும் சுமந்திருந்ததைத் திரையில் அவருக்காகக் காத்து வைத்திருக்கும். கையெழுத்தாகாமல் பாதியில் நிற்கும் ஆணைகளைப் பணி ஒப்படைப்பின்போது பட்டியலாகக் காட்டுவது மென்பொருள் எழுதுவோருக்குக் கடினமான வேலையே அன்று.

மருத்துவரும் செய்யக் கூடியது ஒன்று உண்டு. அழைக்கப்பட்டவுடன் எழுந்துவிடாமல், ‘இந்த வரியை முடித்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்வது. அதற்கும் வழியில்லையேல், எழுதாமல் நிற்கும் பகுதியை ஓரிரு சொல்லில் திரையிலோ தாளிலோ பதித்துவிட்டு எழுவது. நிறுத்தி வைத்த நோக்கத்துக்கு ஒரு குறிப்பு வேண்டும் என்ற ஆல்ட்மன், டிராஃப்டன் கோட்பாட்டின் நடைமுறை வடிவம் இது. ஆனால் பணிமுறை முழுவதும், ஒவ்வொரு குறுக்கீட்டின்போதும், களைப்பின் உச்சத்திலும் ஒருவர் இதைத் தவறாமல் செய்வார் என்று நம்பி ஒரு பிரிவை நடத்த முடியாது.

மருந்துப் பிழை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் நிரப்ப வேண்டிய அறிக்கைப் படிவங்களில் மருந்தின் பெயர், அளவு, நேரம், எழுதியவர், நோயாளிக்கு நேர்ந்தது ஆகியவை கேட்கப்படுகின்றன. அவற்றோடு, எழுதும்போது நடுவில் நின்றதா, எதற்காக நின்றது என்ற கேள்வியையும், எழுதியவர் முந்தைய 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும். தூக்கத்தைப் பற்றிய பதில் அந்த மருத்துவரின் பணிக்கோப்புக்குப் போகக் கூடாது. இரவுப் பணிக்கும் அடுத்த பகல் பணிக்கும் இடையே எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று தீர்மானித்துப் பணிப்பட்டியல் போடுகிறவரின் மேசைக்குப் போக வேண்டும்.